மலைக்கு வழி சொல்லும் எழுத்து எங்கே?

தமிழ்நாட்டில் மலை நடைக்கு இது நல்ல காலம். வனத் துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். மலைக் கிராமங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். இன்னொரு பக்கம் வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை என்று பக்தர்களின் மலையேற்றமும் பெருகிவருகிறது. போய்வந்தவர்கள் அதைப் பதிவு செய்வதிலும் குறை வைப்பதில்லை. எந்த மலையின் பெயரைத் தட்டினாலும் யூடியூபில் காணொளிகள் வரிசைகட்டுகின்றன. பத்திரிகைகளின் பயணப் பக்கங்களிலும் மலைகளுக்குப் பஞ்சமில்லை.

இத்தனையையும் பார்த்துவிட்டு ஒருவர் அப்படி ஒரு மலைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து மேகம் எப்படித் தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாதி வழியில் தண்ணீர் கிடைக்குமா, அந்த ஓடை மாசியில் வற்றிவிடுமா, எத்தனை மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும், பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கால் பிசகினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. அவர் பார்த்த எதிலும் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மலையைப் பற்றி எழுதுகிறவரின் முதல் கடமை, அதே வழியில் பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு உதவுவது. வருணனையும் சாகசமும் தத்துவமும் அதற்கு அப்புறம்தான். இந்த இலக்கணத்துக்கு நாம் வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. சங்க காலத்திலேயே ஒரு தமிழ்ப் புலவர் 583 அடிகளில் எழுதிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நன்னன் மலைக்கு வழி

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு அவனிடம் போகும் வழியைச் சொல்வதுதான் பாட்டு. செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பௌர்ணமி இரவுகளில் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிற அதே மலை.

பள்ளியில் இதை ‘ஆற்றுப்படை நூல்’ என்று மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிட்டோம். மலை ஏறிப் பழகியவர்கள் இன்று எடுத்துப் படித்தால் மலைத்துப்போவார்கள். வழியின் தூரம், இளைப்பாறும் இடம், கிடைக்கும் உணவு, விலங்குகள் திரியும் காடு என்று, தான் சொல்லப்போவதைப் புலவர் முதலிலேயே பொருளடக்கம் போலப் பட்டியலிட்டுவிடுகிறார். பிறகு எச்சரிக்கைகள் தொடங்குகின்றன. தினைப்புனத்து வழிகளில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போங்கள். பள்ளங்களில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், பார்த்து ஒதுங்கிப் போங்கள். புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் மறைந்து மறைந்து கடந்துவிடுங்கள். பாசி மூடிய இடங்களில் கால் வழுக்கும், ஓரத்துச் சிறுமூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் நடக்காதீர்கள், சொந்த வீட்டுக்குள் நுழைவது போலக் கல்குகைக்குள் நுழைந்து தங்கிவிடுங்கள்.

வழி தவறிப்போனால்? அதற்கும் பதில் வைத்திருக்கிறார். அகன்ற பாறையில் கூடி உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள். காட்டைக் காத்து வாழும் கானவர்கள், ஆற்றில் தவறி விழுந்தவரைக் காப்பாற்ற ஓடுவது போல ஓடிவந்து, உண்ணக் கொடுத்து, வழியும் காட்டுவார்கள் என்கிறார். ஆபத்தில் சிக்கியவர் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதல் ஊத வேண்டும், அல்லது விளக்கைக் காட்ட வேண்டும் என்ற முறை ஆல்ப்ஸ் மலையில் 1894-ல்தான் வகுக்கப்பட்டது. அதன் அடிப்படை இங்கே எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது வேறொரு குறிப்பு. பாதைகள் கவர்த்துப் பிரியும் இடம் வந்தால், நீங்கள் போகும் வழியைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். அந்த நிலத்துக்குப் புதியவர்கள் பின்னால் வருவார்கள் இல்லையா? வழி கேட்டவர்களே அடுத்தவருக்கு வழி சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

இது வெறும் தகவல் தொகுப்பு என்று யாரும் தள்ளிவிட முடியாது. மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும் பகுதி, சங்கக் கவிதையின் உச்சங்களில் ஒன்று. பயன்படும்படி எழுதினால் இலக்கிய நயம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு மலைபடுகடாமே பதில்.

வெற்றிக் கதை மறைத்தவை

நவீன மலையேற்ற இலக்கியம் ஐரோப்பாவில் வேறு திசையில் வளர்ந்தது. அங்கே மலை ஓர் எதிரி, குழு ஒரு படை, உச்சியில் தேசியக் கொடி. போர்க்களத்துச் சொற்கள் மலைக்கு வந்து சேர்ந்தன. வெற்றிக் கதையாக எழுதப்பட்டால் எதையெல்லாம் மறைக்க நேரிடும் என்பதற்கு அன்னபூர்ணாவைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நேபாளத்தின் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் மனிதர் முதன்முதலில் ஏறியது இதில்தான். 1950 ஜூன் 3 அன்று பிரெஞ்சுக் குழுவின் தலைவர் மோரிஸ் ஹெர்ஸாக்கும் லூயி லாஷெனாலும் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது பனியில் கை கால் உறைந்து, ஹெர்ஸாக் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார். லாஷெனாலுக்குக் கால்விரல்கள் போயின. அடுத்த ஆண்டே ஹெர்ஸாக்கின் ‘அன்னபூர்ணா’ வெளிவந்தது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொல்லச்சொல்ல எழுதப்பட்ட அந்த நூல் உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. உலகப் போரில் ஜெர்மனியிடம் பட்ட அவமானம் ஆறாமல் இருந்த பிரான்ஸுக்கு ஒரு நாயகன் கிடைத்தார்.

வாசகர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புறப்படும் முன்பே குழுவினர் அனைவரும், ஐந்து ஆண்டுகளுக்குப் பயணம் பற்றி எதுவும் வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். எழுதும் உரிமை தலைவருக்கு மட்டுமே இருந்தது. லாஷெனால் 1955-ல் ஆல்ப்ஸில் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அவருடைய குறிப்பேடுகள் அடுத்த ஆண்டு நூலாக வந்தபோது, ஹெர்ஸாக்கின் சகோதரரும் பிரெஞ்சு மலையேற்ற அமைப்பின் தலைவரும் சங்கடமான பகுதிகளை நீக்கிவிட்டார்கள். நீக்கப்பட்ட வரிகளோடு முழு நூல் வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த வரிகளில் என்ன இருந்தது? கால் உறையத் தொடங்கியதை லாஷெனால் உணர்ந்திருக்கிறார். தனியாக இருந்திருந்தால் திரும்பியிருப்பார். தான் திரும்பிவிட்டால் ஹெர்ஸாக் உயிரோடு இறங்க மாட்டார் என்று தோன்றியதால் உடன் போயிருக்கிறார். தேசப் பெருமைக்காகக் கால்களைக் கொடுக்கும் எண்ணம் அந்தத் தொழில்முறை வழிகாட்டிக்குக் கொஞ்சமும் இல்லை. அடுத்து மலைக்குப் போகும் ஓர் இளைஞனுக்கு எது உதவியிருக்கும்? உச்சியில் ஹெர்ஸாக் அடைந்த பரவசமா, கால் மரத்துப்போனபோது லாஷெனால் மனத்தில் ஓடிய கணக்கா? கத்தரிக்கப்பட்டது இரண்டாவதுதான்.

சுமந்தவர்களின் கதை

அதே மலையில் மூன்றாவது ஒருவரும் இருந்தார். ஷெர்ப்பாக்களின் தலைவர் அங் தார்க்கே. 1934-ல் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் நந்தாதேவி சிகரத்தைச் சூழ்ந்த உள்வட்டத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது உடன் சென்ற மூன்று ஷெர்ப்பாக்களில் ஒருவர். அன்னபூர்ணாவின் கடைசி முகாமில், எங்களோடு உச்சிக்கு வா என்று ஹெர்ஸாக் அழைத்தபோது, என் கால்கள் உறையத் தொடங்கிவிட்டன, நான் இறங்குகிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஹெர்ஸாக்குக்கு அது விநோதமாகப் பட்டது. கால்விரல்களோடு ஊர் திரும்பியவர் அங் தார்க்கே. அவர் சொல்லி எழுதப்பட்ட வாழ்க்கை நினைவுகள் 1954-ல் பிரெஞ்சில் வந்தன. ஆங்கிலத்துக்கு வர 2016 ஆயிற்று.

டென்சிங் நோர்கேயின் கதையும் இதே போலத்தான். 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்ட்டில் நின்றவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பல மொழிகள் பேசுவார். குழுத் தலைவர் ஜான் ஹன்ட்டின் நூல் அந்த ஆண்டே வந்துவிட்டது. டென்சிங் சொல்ல, ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதிய நூல் 1955-ல் வந்தது. உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகமே அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறினோம் என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட பதில். ஹிலாரிதான் முதலில் வைத்தார், சில அடி பின்னால் நான் வந்தேன் என்று டென்சிங் தன் நூலில் பட்டென்று சொல்லிவிட்டார். நேபாளமும் இந்தியாவும் அவரையே முதலில் ஏறியவராகக் கொண்டாடத் துடித்த நேரத்தில் அப்படிச் சொல்ல நேர்மை வேண்டும்.

சுமப்பவர்களின் பெயர் பெரும்பாலும் சாவுச் செய்தியில்தான் வருகிறது. பல நேரம் அதிலும் எண்ணிக்கை மட்டும்தான். 1922-ல் எவரெஸ்ட்டில் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். அந்த மலையில் நிகழ்ந்த முதல் பெரிய விபத்து அது. 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனி அருவிப் பகுதியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டபோது, இறுதிச் சடங்குக்கென்று நேபாள அரசு அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்து மலையேற மறுத்தார்கள். நேபாளப் பக்கத்தில் அந்தப் பருவம் ஏறக்குறைய அதோடு முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எவரெஸ்ட் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அலமாரி கொள்ளாது. கயிறு கட்டி ஏணி வைத்துப் பாதை போடுகிறவர்களின் கூலியும் காப்பீடும் அவற்றில் எத்தனை பக்கம் இடம்பிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

திரும்பி வந்தவர்கள்

உச்சியைத் தொட்டவர் எழுதுவது வழக்கம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே திரும்பியவர் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற நினைப்பு இருக்கிறது. 1996 மே 10, 11 தேதிகளில் எவரெஸ்ட்டில் வீசிய புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம் பற்றிப் பேச்சு இருந்தும், பலர் பிற்பகல் 2 மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். இருட்டும் புயலும் இறங்கும் வழியில் அவர்களைப் பிடித்துக்கொண்டன. அன்று வழிகாட்டி ராப் ஹாலின் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நேரம் போதாது என்று முற்பகலிலேயே திரும்பிவிட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான லூ கசிஷ்கேயின் நூல் 2014-ல்தான் வந்தது.

அந்த இரவு பற்றி உலகம் படித்தது, அன்று தெற்குப் பக்கம் ஏறிய எழுத்தாளர் ஜான் கிராக்கவரின் நூலை. அவர் குறை சொன்ன வழிகாட்டி அனத்தோலி புக்ரேயெவ் 1997-லேயே தன் தரப்பை எழுதினார். தனியாகப் புயலுக்குள் போய் மூவரை மீட்டுவந்தவர் அவர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அன்னபூர்ணாவில் பனிச்சரிவில் இறந்தார். கிராக்கவரும் நேர்மையானவர்தான். புயலில் தான் கண்டதாக முதலில் எழுதிய ஆள் வேறொருவர் என்பது பின்னால் தெரிந்ததும் நூலிலேயே திருத்திச் சொன்னார். அந்த உயரத்தில், பிராணவாயு குறைந்த மூளையில், கண்ணால் கண்டதே பொய்யாகிறது. இறந்த எட்டுப் பேரில் மூவர் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையைச் சேர்ந்த இந்தியர்கள். அவர்கள் வடக்குப் பக்கம் ஏறியவர்கள். தெற்குப் பக்கத்தில் எழுத்தாளர் இருந்தார், நூல்கள் பிறந்தன. நம் மூவருக்கும் அவற்றில் கிடைத்த இடம் கொஞ்சம்.

இதனால்தான் காத்மாண்டுவில் வாழ்ந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் எலிசபெத் ஹாலியை நான் பெரிய மலை எழுத்தாளராகக் கருதுகிறேன். அவர் எந்த இமயச் சிகரத்திலும் ஏறியதில்லை. 1960-களிலிருந்து அரை நூற்றாண்டு காலம், மலையேறிகள் தங்கும் விடுதிகளுக்குத் தேடிப்போய்க் குறுக்குக் கேள்வி கேட்டார். எந்த வழி, எத்தனை மணி, எத்தனை பணியாளர்கள், யார் திரும்பினார்கள், யார் இறந்தார்கள் என்று தோற்றவர்களையும் வென்றவர்களையும் ஒரே கவனத்தோடு பதிந்தார். 2018-ல் 94 வயதில் அவர் மறைந்தபோது, இமயமலையேற்றத்தின் நம்பகமான வரலாறாக அந்தப் பதிவேடுகள் நின்றன.

நகராட்சிக் கணக்கர் வரைந்த மலைகள்

இதுவரை சொன்னது எட்டாயிரம் மீட்டர் உலகம். நம் குன்றுகளுக்குப் பொருத்தமான முன்மாதிரி இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இருக்கிறது. கெண்டல் என்ற சிறுநகரத்தின் நகராட்சியில் கணக்குப் பொறுப்பு வகித்தவர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். கார் கிடையாது. விடுமுறை நாள்களில் பேருந்து பிடித்துப் போய்க் குன்று குன்றாக நடந்தார். மாலைகளில் வீட்டில் உட்கார்ந்து, படமும் எழுத்தும் தன் கையாலேயே எழுதிய பக்கங்களாக ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். முதலாவது 1955-ல், ஏழாவது 1966-ல். மொத்தம் 214 குன்றுகள். எங்கே வேலி, எங்கே சேறு, மூடுபனி வந்தால் எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. குறும்பும் உண்டு. ஒரு தொகுதியைத் தன் வலது காலுக்கும் இடது காலுக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். முதல் தொகுதி நில அளவைத் துறை ஊழியர்களுக்கு, இரண்டாவது மலையில் கற்சுவர் எழுப்பியவர்களுக்கு. யார் உழைப்பின் மேல் தான் நடக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் அந்தக் குன்றுகளில் நடப்பவர்களின் முதுகுப் பையில் அந்த நூல்கள் இருக்கின்றன.

ஸ்காட்லாந்தின் நான் ஷெப்பர்டு இன்னொரு வகை. கெய்ர்ன்கார்ம் மலைகளைப் பற்றிய சிறு நூலை இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் எழுதி முடித்து மேசைக்குள் வைத்துவிட்டார். 1977-ல்தான் அது அச்சேறியது. உச்சி அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஒரே மலைத் தொடருக்குள் வாழ்நாள் முழுக்கப் போய்வந்து நீரையும் பனியையும் செடிகளையும் பார்த்தவர் அவர். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் மலை தன்னைக் காட்டும் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

தமிழில் ஆளே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ ஒரு நதியின் தடம் பற்றிப் போகும் அருமையான நூல். மா.கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் மறையும்வரை ஆங்கில நாளிதழில் தொடர்ந்து இயற்கை பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார். சு.தியடோர் பாஸ்கரன் சூழலியலுக்கு நல்ல தமிழ் உரைநடை தந்திருக்கிறார். குறை என்னவென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளையும் கிழக்கே ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி மலைகளையும் பாதை பாதையாக நடந்து எழுதிய வெயின்ரைட் நமக்குக் கிடைக்கவில்லை.

குரங்கணியும் வெள்ளியங்கிரியும்

இந்தக் குறைக்கு நாம் உயிர் விலை கொடுத்திருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலை - குரங்கணி சரிவில் காட்டுத் தீ, மலை நடை வந்திருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். அனுமதி, நிர்வாகம், அமைப்பாளர்களின் பொறுப்பு என்று அரசு விசாரணை நடத்தியது, மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. அவை தேவைதான். ஆனால், மாசி, பங்குனியில் அந்தச் சரிவுப் புல் காய்ந்து பஞ்சாகக் கிடக்கும் என்பது மலைக்கிராமத்துச் சிறுவனுக்கும் தெரியும். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே அதன் வெப்பம் உலர்த்திவிடும். ஆகவே, காய்ந்த புல்வெளி வழியே மேலே ஓடுவது ஆபத்து, வெற்றுப் பாறையோ, ஓடையின் கல்படுகையோ, ஏற்கெனவே எரிந்து அணைந்த தரையோ பாதுகாப்பு என்பது காட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். நகரத்திலிருந்து போகிறவர்கள் படிக்கும் எதிலாவது இது எழுதப்பட்டிருந்ததா?

வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளைக் கடந்து சுயம்புலிங்கத்தைக் காணப் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறுகிறார்கள். 2024 பருவத்தில் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத் துறை கேட்டுக்கொண்டது. இந்த மலை பற்றிய பதிவுகளில் சுயம்புவின் மகிமை இருக்கிறது, மூங்கில் தடி இருக்கிறது. எத்தனை மணி நேர ஏற்றம், எந்த மலையில் மூச்சு வாங்கும், எந்த அறிகுறி தெரிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும், எந்த இடத்தோடு திரும்பினாலும் சாமி கோபிக்காது என்பதையும் எழுத வேண்டும். பாதியில் திரும்புவதைப் பாவம் என்று நினைக்கும் ஊரில், திரும்பி வந்தவர் எழுதும் ஒரு பக்கம் உயிர்களைக் காக்கும்.

நம் மலைகளிலும் அங் தார்க்கேக்கள் இருக்கிறார்கள். காணிக்காரர், பளியர், முதுவர், காடர், புலையர், இருளர் என்று மலைமக்கள்தான் நமக்கு வழிகாட்டிகள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள். யானை எந்த வளைவில் நிற்கும் என்று காற்றின் வாடையில் சொல்லக்கூடியவர்கள். நம் பயணக் கட்டுரைகளில் இவர்கள் ‘உள்ளூர்க்காரர் ஒருவர்’ என்றோ, ‘உடன் வந்த வழிகாட்டி’ என்றோ ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். அவருக்குப் பெயர் இருக்கிறது. அவர் சம்மதித்தால் அந்தப் பெயர் கட்டுரையில் வர வேண்டும். அவர் சொன்னதை நம் கண்டுபிடிப்பு போல எழுதக் கூடாது.

எதை எழுதலாம், எதை விடலாம்?

விவரமாக எழுதினால் கூட்டம் குவியும், குப்பை சேரும், காடு கெடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நியாயமான அச்சம். ஆனால், கூட்டத்தைக் கூட்டியது வழி சொன்ன எழுத்து இல்லை. உச்சியின் அழகை மட்டும் காட்டிய படங்கள்தான் கூட்டின. வனத் துறை அனுமதிக்கும் பாதைகளைப் பற்றி முழுமையாக எழுதுவோம். அனுமதி இல்லாத காட்டு அருவிகளையும், விலங்குகள் நீர் அருந்தும் இடங்களையும், அரிய செடிகள் வளரும் சோலைகளையும் பற்றி எழுத நேர்ந்தால் இடத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவோம். வரைபடக் குறியிட்டு அவற்றைப் பகிர்வது அந்த இடத்துக்குச் செய்யும் துரோகம்.

அரசும் செய்யக்கூடியது இருக்கிறது. திறந்துவிட்ட 40 பாதைகளுக்கும், அவற்றில் வழிகாட்டும் மலைமக்கள் சொல்லச்சொல்ல, தமிழில் நடைக் கையேடுகளை வனத் துறை கொண்டுவரலாம். பாதையின் இயல்பு, தண்ணீர், பருவம், தீக்காலம், விலங்குகள், ஊர்ப் பெயர்களின் கதை எல்லாம் அதில் இருக்கட்டும். அட்டையில் அந்த வழிகாட்டிகளின் பெயர் இருக்கட்டும், விற்பனையில் அவர்களுக்குப் பங்கு போகட்டும். பத்திரிகைகள் பயணக் கட்டுரை கேட்கும்போது நான்கு படங்களோடு ஒரு கைவரைபடமும் கேட்கலாம். பள்ளிகளில் மலைபடுகடாத்தை நடத்தும் தமிழாசிரியர், மாணவர்களை அருகில் உள்ள குன்றுக்கு அழைத்துப்போய், அடுத்த வகுப்புக்கு வழி எழுதிக்கொடுக்கச் சொல்லலாம். அதைவிட நல்ல தேர்வு அந்தப் பாட்டுக்கு வைக்க முடியாது.

மற்றபடி, இது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் வேலை. அடுத்த முறை ஒரு மலையிலிருந்து இறங்கியதும், ஏறத் தொடங்கிய நேரம், இறங்கி முடித்த நேரம், தண்ணீர் இருந்த இடம், பாதை குழப்பிய இடம், திரும்பிவிடலாமா என்று தோன்றிய இடம், உடன் வந்த வழிகாட்டியின் பெயர் ஆகிய ஆறையும் முதலில் எழுதுங்கள். உச்சியில் எடுத்த படத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.